தத்துவ மாநாட்டில் ஓர் எஞ்சினியர்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



செயலாளர் சார் போன் பண்ணி, "கால் மணி நேரம் பேசணும், எதைப் பத்தி வேணுமானாலும் பேசலாம்" என்றார். "தத்துவ மாநாட்டுக்குப் போன கதையைச் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்போ சாப்பாட்டுக்கு முன்னாடியே வெச்சுக்கலாம். அப்புறம்னா தூங்கிடுவாங்க" என்றார். ஆகவே நீங்கள் பசியோடு இருக்கும் நேரத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறேன்.

நான் 2010-ல் வெளியே போன மெக்கானிக்கல் பேட்ச். ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பம்பு, மோட்டார், பேரிங், கியர் பாக்ஸ் இதுதான் என் உலகம். எனக்கும் தத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், என் சித்தப்பா. ஒரு கலைக் கல்லூரியில் தத்துவத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். 2022-ல் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது மேஜையில் ஒரு சுற்றறிக்கை கிடந்தது. தென் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டு நாள் மண்டலத் தத்துவ மாநாடு, கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று போட்டிருந்தது. "இதுல வெளியாளுங்க கலந்துக்கலாமா சித்தப்பா?" என்று சும்மாதான் கேட்டேன். "ஏன்டா, நீ எழுதிப் போடேன். மிஷின் ஏன் கெட்டுப்போச்சுன்னு தினமும் காரணம் தேடுறவன்தானே நீ? அதுதான்டா அனுமானம்" என்றார்.

அன்று ராத்திரியே அவர் அலமாரியிலிருந்து மணிமேகலையை எடுத்துக் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் அமுதசுரபி வரைக்கும் படித்ததோடு சரி. கடைசிப் பகுதிக்கு நாம் யாரும் போனதில்லை. உ.வே.சாமிநாதையர் 1898-ல் இதைப் பதிப்பிக்க, பௌத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்துத்தான் பொருள் கண்டார் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 27-வது காதையில் மணிமேகலை வேற்றுருவம் எடுத்துக்கொண்டு வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய் "உங்கள் கொள்கை என்ன, சொல்லுங்கள்" என்று கேட்கிறாள். வைதிகம், சைவம், வைணவம், ஆசீவகம், சாங்கியம் என்று தொடங்கி, கடவுளே கிடையாது என்கிற பூதவாதி வரைக்கும் கேட்கிறாள். என் கணக்கில் தமிழில் பதிவான முதல் மண்டலத் தத்துவ மாநாடு அதுதான். கலந்துகொண்டவளும் அந்தத் துறைக்காரி இல்லை.

29-வது காதையில் அறவண அடிகள் அவளுக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. புகை தெரிகிறதே, அதனால். எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுக்களையைப் போல. ஏது என்று சொல்கிற காரணம் நிற்க வேண்டுமானால் அதற்கு மூன்று தகுதி வேண்டும் என்கிறார். ஒன்று, நாம் பேசுகிற இடத்தில், அதாவது மலையில், புகை இருக்க வேண்டும். இது பக்கம். இரண்டு, நெருப்பு உள்ள வேறு இடத்திலும், அடுக்களை போல, புகையைப் பார்த்திருக்க வேண்டும். இது சபக்கம். மூன்று, நெருப்பே இல்லாத இடத்தில், குளம் மாதிரி, புகை இருக்கவே கூடாது. இது விபக்கம். மூன்றாவதைச் சரிபார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது.

இதைப் படித்ததும் எனக்கு நம் கல்லூரியில் மூன்றாம் வருஷம் கேட்ட சேலஞ்சர் விண்கலக் கதை ஞாபகம் வந்தது. அதைத்தான் கட்டுரையாக எழுதினேன். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1986 ஜனவரி 28. அமெரிக்காவில் சேலஞ்சர் கிளம்பி 73 விநாடியில் சிதறியது. ஏழு பேர் போனார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் மூட்டுகளில் வாயு கசியாமல் இருக்க ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். குளிரில் அது விறைத்துப்போய்ச் சரியாக அடைக்காது. முதல் நாள் ராத்திரி, ராக்கெட் செய்த கம்பெனியின் எஞ்சினியர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் "53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே கிளப்ப வேண்டாம்" என்று சொன்னார்கள். மணிக்கணக்காகப் பேச்சு நடந்தது. கடைசியில் அவர்களுடைய நிர்வாகமே அந்தப் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. மறுநாள் கிளம்பிய நேரத்தில் வெளி வெப்பம் 36 டிகிரி.

பிறகு ரோஜர்ஸ் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். அதில் இருந்த விஞ்ஞானி ஃபெய்ன்மன், ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கிக் காட்டியது உலகப் பிரசித்தம். ஆனால் அந்த 1986 ஜூன் அறிக்கையில் என் மனசைத் தொட்டது வேறு ஒரு கணக்கு. அதற்கு முன் 24 முறை விண்கலம் போயிருக்கிறது. வளையத்தில் வெப்பச் சேதம் கண்டது ஏழு முறை. அந்த ஏழை மட்டும் எடுத்து வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. நாலு குளிரில், மூணு வெதுவெதுப்பில். "குளிரிலும் ஆகுது, வெயிலிலும் ஆகுது, அப்போ குளிர் காரணம் இல்லே" என்று தோன்றும். சேதமே ஆகாமல் போன முறைகளையும் அதே தாளில் குறித்துப் பாருங்கள், படம் மாறிவிடும். 63 டிகிரியும் அதற்குக் கீழுமாகப் போனது நாலு முறை, நாலிலும் சேதம். 66-ம் அதற்கு மேலுமாகப் போனது 20 முறை, மூன்றில் மட்டும் சேதம். சேதமில்லாமல் போனவற்றில் ஒன்றுகூட குளிரில் போனதில்லை.

அறவண அடிகள் கேட்ட மூன்றாவது தகுதி இதுதான். அன்றைய பேச்சு சபக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கெட்டுப்போனதைப் பார்த்தார்கள். கெட்டுப்போகாததைப் பார்க்கவில்லை. குளத்துப் பக்கம் யாரும் போகவில்லை. இதுதான் என் கட்டுரை.

இருநூறு சொல்லில் சுருக்கம் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தது. டிசம்பரில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். லீவு விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் "தத்துவ மாநாடு" என்று எழுதினேன். என் மேலதிகாரி நிமிர்ந்து பார்த்து, "வீட்ல ஏதாவது பிரச்னையா?" என்றார்.

மாநாடு என்றதும் பெரிசாக நினைத்துவிடாதீர்கள். பதிவுக் கட்டணம் கட்டினால் ஒரு துணிப்பை, அதில் ஒரு நோட்டு, ஒரு பேனா, சாப்பாட்டு டோக்கன். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வாழ்த்துரை மேல் வாழ்த்துரை. பதினொன்றுக்குத் தொடங்க வேண்டிய அமர்வு பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கியது. அளவையியல் ஒரு அறை, அறவியல் ஒரு அறை, சமயத் தத்துவம் ஒரு அறை. சமயத்துக்குத்தான் கூட்டம். நம்ம அளவையியலில் என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம், எட்டாவது நிமிஷம் மணி அடிப்பார்கள், அப்புறம் ஐந்து நிமிஷம் கேள்வி.

நான் யார் என்று சொன்னதும், "எஞ்சினியருக்கு இங்கே என்ன வேலை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தலைமை வகித்தவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: "விட்கென்ஸ்டைன் 1908-ல் மான்செஸ்டருக்குப் போனது விமானப் பொறியியல் படிக்கத்தான். 1911-ல் புரொப்பல்லருக்குப் பேடன்ட் வாங்கினார். அதே வருஷம் ரஸ்ஸலைத் தேடிக் கேம்பிரிட்ஜுக்குப் போனார். இவரையும் கேட்டுத்தான் பார்ப்போமே." அந்த வரவேற்பை நான் மறக்கமாட்டேன்.

பேசி முடித்தேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பேராசிரியர் எழுந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. "தம்பி, நீங்க சொன்னதை நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு முதல்ல பார்த்துக்கறேன்" என்று தொடங்கி, என் கட்டுரையை மூன்று நிமிஷத்தில் திருப்பிச் சொன்னார். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். நான் சொல்லாமல் விட்ட ஒரு பலத்தையும் சேர்த்துச் சொன்னார். "இதுதானே உங்க பக்ஷம்?" "ஆமாம் ஐயா." "சரி, இப்ப என் ஆட்சேபம்."

அவர் கேட்டது இது: "புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு என்னைக்கும் தவறாதது. உங்க குளிருக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பை நாலே நாலு தடவைதான் பார்த்திருக்கீங்க. நாலை வெச்சு வியாப்தின்னு சொல்ல முடியுமா? அஞ்சாவது தடவை நல்லபடியாப் போயிருக்கலாமே?"

பதினெட்டுப் பேரும் என்னையே பார்க்கிறார்கள். நல்ல கேள்வி. யோசித்துவிட்டு நான் சொன்னேன்: "ஐயா, நாலு தடவையை வெச்சு 'நிச்சயம் வெடிக்கும்'னு சொல்ல முடியாதுதான். ஆனா அன்னிக்கு எஞ்சினியர்கள்கிட்ட அதைத்தான் கேட்டாங்க. வெடிக்கும்னு நிரூபின்னாங்க. கேட்க வேண்டியது அது இல்லே. கிளப்பணும்னு சொல்றவர்தான் பத்திரமா இருக்கும்னு நிரூபிக்கணும். நிறுத்தச் சொல்றவருக்கு நியாயமான சந்தேகம் போதும். யார் நிரூபிக்கணுங்கறதை மாத்திப் போட்டதுலதான் ஏழு உயிர் போச்சு."

பேராசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ உங்க கட்டுரை தர்க்கத்தைப் பத்தினது இல்லே, தர்மத்தைப் பத்தினது. அடுத்த அறைக்குப் போயிருக்கணும் நீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சீட்டில் குறித்துக்கொண்டார். சாயங்காலம் டீயும் சுண்டலும் கொடுத்த இடத்தில் என்னைத் தேடி வந்து, நிரூபணப் பாரம் யார் மேல் என்பதை இன்னும் விரித்து எழுதச் சொன்னார்.

ஐயா, பெரியோர்களே, என்னை அசத்தியது அவர் கேள்வி மட்டுமில்லை. கேள்விக்கு முன்னால் செலவழித்த அந்த மூன்று நிமிஷம். பதினைந்து வருஷமாக எத்தனை மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன், எதிராளி சொன்னதை அவர் ஒப்புக்கொள்கிற மாதிரி திருப்பிச் சொல்லிவிட்டு மறுத்தவரை நான் பார்த்ததில்லை. அங்கே கேட்டபோதுதான் தெரிந்தது, இது அவர் சொந்தக் குணம் மட்டுமில்லை, அந்தத் துறையின் பழக்கமே அதுதான். பூர்வபக்ஷம் முதலில், சித்தாந்தம் பிறகு. தமிழிலேயே இருக்கிறது. அருணந்தி சிவாசாரியார் 13-ம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான சித்தியாரில் முதல் பகுதி பரபக்கம், இரண்டாவதுதான் சுபக்கம். கடவுள் இல்லை என்கிற உலகாயதனில் ஆரம்பித்து ஒவ்வொருவர் கொள்கையாக எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டுத்தான் தன் சைவ சித்தாந்தத்துக்கு வருகிறார்.

இன்னொன்றும் அங்கே கற்றேன். நியாய சாஸ்திரத்தில் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். உண்மை தெரிய வேண்டும் என்று இரண்டு பேரும் பேசுவது வாதம். ஜெயிக்க வேண்டும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியே இல்லாமல் அடுத்தவன் சொன்னதை உடைப்பது மட்டும் விதண்டை. நாம் "விதண்டாவாதம்" என்று திட்டுகிறோமே, அது இங்கிருந்து வந்தது. உங்கள் ஆபீஸ் மீட்டிங்குகளை ஒரு வாரம் இந்த மூன்று தலைப்பில் பிரித்து எழுதிப் பாருங்கள். முதல் தலைப்பில் எத்தனை வருகிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.

"இதனால என்ன பிரயோஜனம்?" என்று என் தோழர்கள் கண்ணாலேயே கேட்கிறார்கள். சொல்கிறேன். அடுத்த வருஷம், 2023-ல், எங்கள் தொழிற்சாலையில் பதினான்கு பம்புகளில் ஐந்தில் எட்டு மாதத்துக்குள் பேரிங் போய்விட்டது. ஐந்திலும் ஒரே கம்பெனி பேரிங். "மட்டமான சரக்கு, கம்பெனியை மாத்துங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆர்டர் போடுகிற நிலைமை. நான் மெல்லக் கேட்டேன்: "நல்லா ஓடுற ஒன்பது பம்புல எந்தக் கம்பெனி பேரிங் இருக்கு?" ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தார்கள். அதே கம்பெனிதான். குளத்திலும் புகை வருகிறது! அப்படியானால் அந்த ஏது நிற்காது.

பிறகு அந்த ஐந்தில் இருந்து, ஒன்பதில் இல்லாதது என்ன என்று தேடினோம். ஐந்தும் சுடுதண்ணீர் பம்புகள். மோட்டாரையும் பம்பையும் ஆறிப்போன நிலையில் ஒரே கோட்டில் அலைன்மென்ட் செய்திருந்தார்கள். சூடேறி ஓடும்போது பம்பு விரிந்து மேலே எழும்பும், கோடு விலகும், பேரிங்குக்குப் பாரம் ஏறும். அந்த விரிவைக் கணக்குப் பண்ணி மறுபடி அலைன்மென்ட் செய்தோம். அதற்குப் பிறகு அந்த ஐந்தும் மற்றவை மாதிரியே ஓடுகின்றன. பேரிங் கம்பெனிக்காரர் பெயரும் பிழைத்தது. அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பழுது அறிக்கையில் "கெட்டுப்போகாதது எது?" என்று ஒரு கட்டம். பெரிய முடிவு எடுக்கும் கூட்டத்தில், மறுக்கிறவர் முதலில் அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஆமாம், இதுதான் நான் சொன்னது" என்று தலையாட்டிய பிறகுதான் மறுப்பு. மீட்டிங் கொஞ்சம் நீளுகிறது. வேலை குறைகிறது.

இனி நான் இங்கே சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் என் முன்னால் ஒரு ஆராய்ச்சி மாணவி நின்றிருந்தார். நீலகேசியில் வரும் வாதங்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். அன்று காலை அவர் வாசித்த கட்டுரைதான் எனக்குத் தெரிந்து அந்த மாநாட்டிலேயே சிறந்தது. "படிப்பு முடிஞ்சதும் என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். "தெரியலீங்க சார். எங்க ஊர்ப் பக்கம் காலேஜ்ல தத்துவம்னு ஒரு பாடமே இல்லே. பாடம் இல்லாத இடத்துல வாத்தியார் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, "உங்க கம்பெனியில தர்க்கம் படிச்சவங்களுக்கு வேலை தருவீங்களா சார்?" என்று கேட்டார். வேடிக்கைபோலத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1909-ல் ராதாகிருஷ்ணன் தத்துவ ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தது சென்னை மாநிலக் கல்லூரியில். 1925-ல் கல்கத்தாவில் இந்தியத் தத்துவப் பேரவை முதன்முதலாகக் கூடியபோது தலைமை வகித்தவர் தாகூர். ஒரு கவிஞரைக் கூப்பிட்டுத் தலைமை தாங்கச் சொல்லியிருக்கிறார்கள். வெளியாளுக்குக் கதவு திறந்துவிடுவது அவர்களுக்குப் புதிசில்லை. கதவைத் தட்டாதவர்கள் நாம்தான்.

நம் கல்லூரியில் நாலு வருஷம் படித்தோம். பலம், வெப்பம், திரவம், கணக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், அந்தக் கடனை நாம் தீர்க்க முடியாது. ஒரு காரணத்தை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது, சந்தேகப்படுகிறவனை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை நாம் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, பழுதுகளின் செலவில்தான் கற்றுக்கொள்கிறோம். சில சமயம் அந்தச் செலவு உயிராகவும் இருக்கிறது. அதை முறையாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் நம் மாநிலத்திலேயே, பாடம் இல்லாத ஊரில், வேலை இல்லாமல் இருக்கிறார்கள்.

சொல்லிவிட்டு மட்டும் போகவில்லை. போன வருஷமும் இந்த வருஷமும் எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பொறியாளர்களுக்கு அந்த மாணவி இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தார். நிர்வாகம் மதிப்பூதியம் கொடுத்தது. பையன்கள் டீக்குக்கூட எழுந்து போகவில்லை. இப்போது அவர் முனைவர். இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஒவ்வொரு வருஷமும் விடுதிக்கும் நூலகத்துக்கும் நிதி தருகிறோம். அதில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆறு வகுப்புகள் வையுங்கள். அளவையும் வாதமும் சொல்லிக்கொடுக்கட்டும். தத்துவம் படித்தவர் வந்து நடத்தட்டும், கூடவே நம்மில் ஒருவர் தம் தொழிலில் நடந்த ஒரு பழுதைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கட்டும். முதல் வருஷத்துச் செலவில் பாதியை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. பின் வரிசையில் இருப்பவர்களிடம் நேற்றே கேட்டுவிட்டேன். கேட்காதவர்கள் இப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு ஆட்சேபம் இருக்கும். நேரமில்லை, மாணவர் வரமாட்டார்கள், இதெல்லாம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உதவாது என்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேசுவோம். ஒரே ஒரு நிபந்தனை: நான் சொன்னதை முதலில் எனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு, பிறகு மறுக்க வேண்டும்.